பக்கவாதத்துக்குப் பிறகு வரும் வலிப்பு: வீட்டார் கேட்கும் கேள்விகள்

பக்கவாதத்திலிருந்து தேறி, ஃபிசியோதெரபி செய்து, கோலை ஊன்றிக்கொண்டு வாசல்வரை நடக்கத் தொடங்கியிருப்பார். வீட்டில் எல்லோரும் அப்பாடா என்று மூச்சு விட்டிருப்பார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு விடியற்காலையில் கை வெட்டி வெட்டி இழுக்கும். நரம்பியல் வெளிநோயாளர் பிரிவில் என் எதிரே வந்து உட்காரும் குடும்பங்கள் அதற்குப் பிறகு கேட்பவற்றை, அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதியிருக்கிறேன். வலிப்பு, இழுப்பு, ஃபிட்ஸ் எல்லாம் ஒன்றுதான்.

ஸ்ட்ரோக் வந்து எட்டு மாசம் ஆச்சு. இத்தனை நாள் இல்லாம இப்ப எதுக்கு ஃபிட்ஸ் வருது?

தழும்பு உருவாக நாளாகும். ரத்தக்குழாய் அடைத்து, ரத்தம் கிடைக்காமல் மூளையில் ஒரு பகுதி செத்துப்போவதுதான் பெரும்பாலான பக்கவாதம். செத்த இடம் வலிப்பை உண்டாக்குவதில்லை. அங்கே மின்னோட்டமே இல்லை. சிக்கல் அதன் ஓரத்தில். அங்கே அரைகுறையாகப் பிழைத்த செல்கள், அறுந்துபோன இணைப்புகளுக்குப் பதிலாக அக்கம்பக்கத்தில் புதிதாக இணைப்புப் போட்டுக்கொள்கின்றன. விழுந்த கை திரும்ப அசைவதற்கும் இப்படிப்பட்ட மறு இணைப்புத்தான் உதவுகிறது. சில இடங்களில் அது கோணலாகிப்போகிறது. தூண்டுகிற செல்களின் கை ஓங்கி, அடக்குகிற செல்களின் பலம் குறைகிறது. ஒரு கூட்டம் செல்கள் ஒரே தாளத்தில் துடிக்க ஆரம்பித்தால் அதுதான் வலிப்பு. இதற்கெல்லாம் மாதங்கள் ஆகும். பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுக்குள் தலைகாட்டும். பல ஆண்டு கழித்து வருவதும் உண்டு.

ரத்தக்குழாய் வெடித்து மூளைக்குள் ரத்தம் கசிந்திருந்தால் இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது. கசிந்த ரத்தம் கரைந்தாலும் அதிலிருந்த இரும்பு அங்கேயே படிந்துவிடும். 1978ல் எலி, பூனை ஆகியவற்றின் மூளை மேற்பரப்பில் இரும்பு உப்பை ஊசியால் செலுத்திப் பார்த்தார்கள். அந்த இடத்தில் நாள்பட்ட வலிப்பு அலைகள் தோன்றின. கசிவு வகைப் பக்கவாதத்தில் வலிப்பு அதிகம் வருவதற்கு இந்த இரும்பும் ஒரு காரணம். இந்த இரும்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே சாவி வரும்போது மறுபடி பேச வேண்டியிருக்கிறது.

ஆஸ்பத்திரியில சேர்த்த அன்னைக்கே ஒரு தடவை வந்துச்சு. அதுவும் இதுவும் ஒன்னா?

இல்லை. டாக்டர்கள் 7 நாள் என்று ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். முதல் 7 நாளுக்குள் வருவது புதுக் காயத்தின் எரிச்சல்: வீக்கம், செல்களிலிருந்து கொட்டிய ரசாயனங்கள், ஏறி இறங்கும் சர்க்கரை. காயம் அடங்கினால் அதுவும் அடங்கலாம். 7 நாளுக்குப் பிறகு வருவது தழும்பின் வேலை. தழும்பு எங்கும் போகாது.

அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தின் ரோச்சஸ்டர் நகரில் நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்து, 2009ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். முதல் வாரத்தில் வலிப்பு வந்தவர்களில் அடுத்த 10 ஆண்டுக்குள் மறுபடி வந்தது சுமார் 33 சதவீதம் பேருக்கு. முதல் வாரம் தாண்டி வந்தவர்களுக்கோ 71 சதவீதத்துக்கும் மேல். சாதாரணமாக, காரணமில்லாமல் இரண்டு முறை வந்தால்தான் வலிப்பு நோய் என்று பெயர் வைப்போம். ஆனால் 10 ஆண்டுக்குள் மறுபடி வரும் வாய்ப்பு 60 சதவீதமாவது இருந்தால், ஒரு முறை வந்தாலே போதும் என்று உலக வலிப்பு எதிர்ப்புக் கழகம் 2014ல் வரையறையை மாற்றியது. அதனால்தான், “ஒரு தடவைதானே வந்துச்சு, அதுக்குள்ள மாத்திரையா?” என்று நீங்கள் கேட்கும்போது நான் தலையாட்டாமல் இருக்கிறேன்.

ஸ்ட்ரோக் வந்த எல்லாருக்கும் இது வருமா?

வராது. அடைப்பு வகைப் பக்கவாதம் வந்தவர்களில் பெரும்பான்மையோர் ஆயுசுக்கும் ஒரு வலிப்பைக்கூடப் பார்ப்பதில்லை. யாருக்கு வரும் என்று ஓரளவு கணிக்க 2018ல் ஒரு மதிப்பெண் முறை வந்தது. பக்கவாதத்தின் கடுமைக்கு 2 வரை, பெரிய ரத்தக்குழாயில் கொழுப்படைப்பு இருந்தால் 1, முதல் வாரத்திலேயே வலிப்பு வந்திருந்தால் 3, மூளையின் மேற்பரப்பு பாதிக்கப்பட்டிருந்தால் 2, நடு மூளைத் தமனி என்ற பெரிய ரத்தக்குழாய் ரத்தம் கொடுக்கும் பகுதி என்றால் 1, மொத்தம் 9. சைபர் எடுத்தவருக்கு 5 ஆண்டுக்குள் வலிப்பு வரும் வாய்ப்பு 1.3 சதவீதம். ஒன்பதும் எடுத்தவருக்கு 83. பரீட்சையில் மாதிரி இல்லாமல், இங்கே குறைவாக எடுத்தவர்தான் பாஸ்.

ஸ்கேனில் “ஆழத்தில் சின்ன அடைப்பு” என்று எழுதியிருந்தால் இந்தக் கவலையைப் பெருமளவு மறந்துவிடலாம். வலிப்பு மேற்பரப்பின் சமாச்சாரம்.

தங்கச்சிக்குப் பிரசவமாகிப் பத்து நாள். தலைவலின்னா, அப்புறம் ஃபிட்ஸ். இதுவும் ஸ்ட்ரோக்ங்கிறாங்களே?

ஆமாம், ஆனால் வேறு வகை. மூளையிலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் சிரைகளில் ரத்தக்கட்டி அடைத்துக்கொள்வது. பிள்ளை பெற்ற பிறகு உடலில் ரத்தம் உறையும் தன்மை கூடியிருக்கும். தண்ணீர் குடிக்கக் கூடாது என்று பத்தியம் வேறு வைத்தால் இன்னும் மோசம். இதில் 100 பேரில் சுமார் 40 பேருக்கு ஆரம்பத்திலேயே வலிப்பு வரும். பிரசவமான பெண்ணுக்கு ஓயாத தலைவலி என்றால் “பனி சேர்ந்திருக்கும்” என்று சொல்லி நாளைக் கடத்தாதீர்கள்.

கை மட்டும்தான் துடிச்சுது. நினைவு இருந்துச்சு, என்னோட பேசினார். அது ஃபிட்ஸ்தானா?

இருக்கலாம். சினிமாவில் காட்டுகிற மாதிரி நுரை தள்ளி, உடம்பு முழுக்க உதறினால்தான் வலிப்பு என்று நினைத்து, சின்ன வலிப்புகளை ஆறு மாதம்வரை கவனிக்காமல் விடுகிறவர்கள் உண்டு. பக்கவாதத் தழும்பு மூளையில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அதனால் வலிப்பும் அங்கேதான் தொடங்கும். கட்டைவிரல் மட்டும் ஒரே தாளத்தில் துள்ளி, மணிக்கட்டு, முழங்கை, முகம் என்று மேலே ஏறலாம். வாய் ஒரு பக்கம் இழுக்கலாம். பேசிக்கொண்டே இருந்தவர் ஒரு நிமிஷம் சொல் வராமல் விழித்துவிட்டு மறுபடி பேசலாம். ஒரே இடத்தை வெறித்துப் பார்த்தபடி வாயைச் சப்புக்கொட்டலாம். ராத்திரி வந்தால் யாருக்கும் தெரியாது. காலையில் பாய் நனைந்திருக்கும், நாக்கு ஓரம் கடிபட்டிருக்கும், ஆள் குழப்பத்தில் இருப்பார்.

வலிப்பு மாதிரி தெரிந்து வலிப்பாக இல்லாதவையும் இருக்கின்றன. அடிக்கடி பார்ப்பது இது: சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், விழுந்த பக்கத்துக் காலின் முன்பாதம் மிதிபலகையில் பட்டதும் கால் தையல் மிஷின் மிதிக்கிற மாதிரி டக்டக்கென்று அடிக்கும். அது நரம்பு விறைப்பு. பாதத்தைத் தூக்கி வேறு மாதிரி வையுங்கள், நின்றுவிடும். வலிப்பு அப்படி நிற்காது. பிடித்தாலும் உங்கள் கைக்குள்ளேயே துடிக்கும். இன்சுலின் போடுகிறவர் என்றால் உடனே சர்க்கரை பாருங்கள். சர்க்கரை இறங்கினாலும் வலிப்பு வரும். பக்கவாதம் மாதிரியே கை விழவும் செய்யும்.

சந்தேகமாக இருந்தால் போனில் வீடியோ எடுங்கள். ஓரமாகப் படுக்க வைத்து, ஆபத்தில்லை என்று உறுதியான பிறகு எடுங்கள். கையை மட்டும் எடுத்து வருகிறார்கள். எனக்குக் கண் வேண்டும், முகம் வேண்டும், முழு உடம்பும் வேண்டும். பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, “கையைத் தூக்குங்க” என்று சொல்லி, என்ன செய்கிறார் என்பதும் பதிவாகட்டும். நின்றதும் போனை அணைத்துவிடாதீர்கள், அடுத்த இரண்டு நிமிஷம்தான் பல கதைகளைச் சொல்லும்.

இ.இ.ஜி. நார்மல்னு வந்துடுச்சு. அப்ப ஃபிட்ஸ் இல்லைன்னுதானே அர்த்தம்?

இல்லை. இ.இ.ஜி. மூளையின் அரை மணி நேரத்து மின் அலைகளைப் பார்க்கிறது. மீதி இருபத்து மூன்றரை மணி நேரத்தைப் பார்த்தவர் நீங்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் பழைய தழும்பைக் காட்டும், புதிதாக ஏதும் அடைத்திருக்கிறதா என்றும் காட்டும். ஆனால் நடந்தது வலிப்பா இல்லையா என்பதைப் பெரும்பாலும் நீங்கள் சொல்வதை வைத்துத்தான் முடிவு செய்கிறோம். கூடவே ரத்தத்தில் சோடியம் பார்ப்போம். “உப்பு குறைஞ்சிடுச்சு” என்று வார்டில் சொல்வார்களே, அது. பிரஷருக்காக நீர் போகிற மாத்திரை சாப்பிடும் வயதானவர்களுக்குச் சத்தமில்லாமல் உப்பு இறங்கி வலிப்பு வரும்.

ஃபிட்ஸ் நின்னுடுச்சு. ஆனா கையைச் சுத்தமா தூக்க முடியலை. மறுபடியும் ஸ்ட்ரோக்கா?

வலிப்பில் ஓடிக் களைத்த மூளைப் பகுதி கொஞ்ச நேரம் வேலைநிறுத்தம் செய்யும். 1849ல் லண்டன் மருத்துவர் ராபர்ட் பென்ட்லி டாட் இதைப் பற்றிப் பேசினார். அவர் பெயரால் இதை டாட் வாதம் என்கிறோம். சில நிமிஷத்தில் சரியாகலாம், பல மணி நேரம் ஆகலாம், ஒன்றரை நாள்வரை இழுப்பதும் உண்டு. ஏற்கெனவே பலவீனமான பக்கமே இன்னும் விழுவதால், வீட்டில் இருப்பவர்களுக்கு மறுபடி பக்கவாதம் என்றே தோன்றும்.

ஆனால் இது டாட் வாதம்தான் என்று வீட்டில் நீங்களே முடிவு செய்யக் கூடாது. புதுப் பக்கவாதமும் வலிப்போடு வரலாம். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. உடனே கிளம்புங்கள். அவசரப் பிரிவில் இரண்டே விஷயத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள்: கடைசியாக எத்தனை மணிக்கு எப்போதும்போல் இருந்தார், துடிப்பு முதலில் வந்ததா பலவீனம் முதலில் வந்ததா.

ஃபிட்ஸ் வரும்போது கையில சாவி கொடுக்கலாமா? கொடுத்ததும் நின்னுச்சே?

பெரும்பாலான வலிப்புகள் ஒன்றிலிருந்து மூன்று நிமிஷத்துக்குள் தானாகவே நின்றுவிடும். அலறியடித்துக்கொண்டு பீரோ சாவியைத் தேடி எடுத்துவந்து விரலைப் பிரித்து உள்ளே திணிக்கவும் கிட்டத்தட்ட அவ்வளவு நேரம்தான் ஆகும். பேர் சாவிக்குப் போய்விடுகிறது. கசிவு வகைப் பக்கவாதத்தில் பிரச்சினையே உள்ளே தங்கிவிட்ட இரும்பு. நாம் வெளியே இரும்பைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

செய்ய வேண்டியது: மணி பாருங்கள். பக்கத்தில் இருக்கும் நாற்காலி, சூடான டம்ளர், ஊன்றுகோல் எல்லாவற்றையும் தள்ளி வையுங்கள். தலைக்கு அடியில் மடித்த துண்டு. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், எச்சில் வெளியே வழியட்டும். வாயில் எதையும் வைக்கக் கூடாது: கரண்டி, துணி, உங்கள் விரல், மாத்திரை, தண்ணீர் எதுவும். கை காலை அமுக்கிப் பிடிக்காதீர்கள். பக்கவாதம் வந்த தோள் ஏற்கெனவே தளர்ந்து தொங்குகிறது. அந்தக் கையைப் பிடித்து இழுத்தால் மூட்டு நழுவிவிடும். புரட்டும்போது தோளையும் இடுப்பையும் பிடித்துப் புரட்டுங்கள்.

5 நிமிஷம் தாண்டினாலோ, ஒன்று நின்று தெளிவதற்குள் அடுத்தது வந்தாலோ, விழுந்து தலையில் அடிபட்டாலோ, மூச்சு சரியாக இல்லாவிட்டாலோ 108. இதுதான் முதல் வலிப்பு என்றால் நிமிஷக் கணக்கே வேண்டாம், கூப்பிட்டுவிடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் தலையில் சின்ன அடியைக்கூட அலட்சியம் செய்யாதீர்கள்.

தெளிந்த உடனே காபி கொடுக்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. பக்கவாதம் வந்த பலருக்கு விழுங்குவதே சிரமம். முழுசாக விழித்து, நிமிர்ந்து உட்கார்ந்து, ஒழுங்காகப் பேசும்வரை ஒரு வாய் தண்ணீர்கூட வேண்டாம்.

எந்த மாத்திரை நல்லது? பக்கத்து வீட்டுக்காரர் எப்டாயின் சாப்பிடுறார், மலிவா இருக்கு.

எப்டாயின் என்கிற ஃபெனிட்டாயின் பழைய மருந்து, பல உயிர்களைக் காப்பாற்றிய மருந்து. பக்கவாதக்காரருக்கு அது முதல் தேர்வாக இல்லாததற்குக் காரணம் அவருடைய மற்ற மாத்திரைகள். ஃபெனிட்டாயினும் கார்பமாசிபைனும் கல்லீரலை வேகமாக வேலை செய்ய வைத்துவிடும். கொழுப்பு மாத்திரை, சில பிரஷர் மாத்திரைகள், ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரைகள் இவற்றின் பலமெல்லாம் குறைந்துபோகும். வலிப்பை நிறுத்தப்போய் அடுத்த பக்கவாதத்துக்குக் கதவைத் திறந்துவிட்ட மாதிரி ஆகும். ஃபெனிட்டாயின் நடையையும் தள்ளாட வைக்கும், நாள்பட்டால் ஈறு வீங்கும், எலும்பு தேயும். கோல் ஊன்றி நடப்பவருக்கு இது எதுவும் வேண்டாத வேலை.

இப்போது அதிகம் எழுதுவது லெவெடிரசெட்டாம், லாமோட்ரிஜின் இரண்டும். முதலாவது உடனே வேலை செய்யும், மற்ற மருந்துகளோடு சண்டை போடாது. ஆனால் சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும். இன்னொன்று, அது சிலருடைய சுபாவத்தையே மாற்றும். “அப்பா முன்னெல்லாம் இப்படி இல்லை டாக்டர், இப்ப எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழுறார், தட்டைத் தூக்கி எறியுறார்” என்று ஒரு மகள் அழுதார். நோயால் வந்த கோபம் என்று நான்கு மாதம் பொறுத்துக்கொண்டிருக்கிறார்கள். அது மாத்திரையின் கோபம். மாற்றியதும் இரண்டு வாரத்தில் பழைய அப்பா வந்துவிட்டார். இப்படி ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். லாமோட்ரிஜின் மனநிலையைக் கெடுக்காது, ஆனால் அளவை வாரக்கணக்கில் மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். அவசரமாக ஏற்றினால் தோலில் கடுமையான தடிப்பு வரலாம். தடிப்பு கண்டால் அன்றைக்கே வர வேண்டும்.

ஆறுதலான செய்தி, பெரும்பாலானவர்களுக்கு ஒரே மாத்திரை, அதுவும் நடுத்தர அளவிலேயே வலிப்பு அடங்கிவிடுகிறது.

இதுவரை வரலை. வராம இருக்க முன்கூட்டியே சாப்பிடலாமா?

வேண்டாம். தழும்பு உருவாவதைத் தடுக்கும் என்று நிரூபிக்கப்பட்ட மாத்திரை இன்னும் இல்லை. வலிப்பே வராதவருக்கும், ஆஸ்பத்திரியில் முன்னெச்சரிக்கையாகத் தொடங்கிய மாத்திரை டிஸ்சார்ஜ் சம்மரியில் அப்படியே ஏறிவிடும். மருந்துக்கடைக்காரரும் மாதாமாதம் கொடுத்துக்கொண்டே இருப்பார். ஏன் சாப்பிடுகிறோம் என்று யாருக்கும் தெரியாது. அப்படி இருந்தால் அடுத்த முறை வரும்போது கேளுங்கள்.

எத்தனை வருஷம் சாப்பிடணும்?

முதல் வாரத்தில் மட்டும் வந்திருந்தால் சில வாரத்திலோ சில மாதத்திலோ மெல்லக் குறைத்து நிறுத்திவிடலாம். தாமதமாக வந்த வலிப்புக்கு நிறுத்தும் பேச்சையே குறைந்தது இரண்டு ஆண்டு வலிப்பில்லாமல் இருந்த பிறகுதான் எடுப்போம். அப்போதும் நான் கொஞ்சம் தயங்குவேன். குழந்தைகளின் வலிப்பு வளர வளர மறைவதுண்டு. தழும்பு வளர்ந்து மறையாது. 70 வயதில் ஒரு முறை விழுந்து இடுப்பெலும்பு உடைந்தால் அதிலிருந்து எழுந்து வருவது, தினம் இரண்டு மாத்திரை விழுங்குவதைவிடப் பல மடங்கு கஷ்டம். இது என் கருத்து; உங்கள் டாக்டர் வேறு கணக்குப் போடலாம். திடீரென்று நிறுத்துவதை மட்டும் நாங்கள் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டோம்.

எதெல்லாம் செஞ்சா மறுபடி வரும்?

முதல் குற்றவாளி, விட்டுப்போன வேளை. கல்யாணத்துக்குப் போன இடத்தில் பை வேறு காரில் இருந்தது, கோயிலுக்கு விரதம், “இன்னைக்கு நல்லாத்தானே இருக்கேன்” இப்படி எத்தனையோ. விரதத்தில் மாத்திரைக்கு ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தால் எந்தச் சாமியும் கோபித்துக்கொள்ளாது. ஒரு வேளை மறந்தால் ஞாபகம் வந்ததும் போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் இரட்டையாகப் போட வேண்டாம்.

பிறகு தூக்கம் கெடுவது, காய்ச்சல், மூத்திரத் தொற்று, குடி. நாள்தோறும் குடித்துவிட்டுச் சட்டென்று நிறுத்துவதும்தான். மூட்டுவலிக்குக் கொடுக்கும் டிராமடால், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற சில ஆன்டிபயாட்டிக்குகள் வலிப்பைக் கிளறும். எந்த டாக்டரிடம் போனாலும் “இவருக்கு ஃபிட்ஸ் உண்டு” என்று முதலில் சொல்லுங்கள்.

பிசியோதெரபியை நிறுத்தணுமா?

வேண்டாம். தெரபிஸ்ட்டிடம் வலிப்பு வந்ததைச் சொல்லிவிட்டால் போதும்.

வண்டி ஓட்டலாமா? குளிக்க, மாடிக்குப் போக?

வண்டி கூடாது. ஓட்டுநர் உரிமத்துக்கான படிவம் 1ல், வலிப்போ திடீர் மயக்கமோ உண்டா என்று கேட்டிருக்கிறார்கள்; அங்கே பொய் எழுதினால் பின்னால் வருபவன் குடும்பமும் சேர்ந்து மாட்டும். ஆறு, குளம், கிணற்றுப் பக்கம் வேண்டாம். குளியலறையில் முக்காலி போட்டு உட்கார்ந்து வாளித் தண்ணீரில் குளிக்கட்டும், உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள். கூச்சப்படுவார், கதவில் ஒரு துண்டைத் தொங்கவிட்டால் ஆள் இருப்பது மற்றவர்களுக்குத் தெரியும். கைப்பிடிச் சுவரில்லாத மொட்டை மாடி வேண்டாம். கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள்.

பொண்ணுக்கு வரன் பார்க்கிறோம். அப்பாவுக்கு ஃபிட்ஸ்னு தெரிஞ்சா...?

பக்கவாதத் தழும்பால் வரும் வலிப்பு பரம்பரை நோய் அல்ல. வலிப்பு உள்ளவர்களின் திருமணத்துக்குத் தடையாக இந்து திருமணச் சட்டத்தில் இருந்த வாசகத்தையே 1999ல் நீக்கிவிட்டார்கள். அப்பாவின் தழும்புக்கும் மகளின் ஜாதகத்துக்கும் சம்பந்தமில்லை. பிள்ளைகள் கவலைப்பட வேண்டியது குடும்பத்தில் ஓடும் பிரஷரையும் சர்க்கரையையும் பற்றித்தான்.

மாமாவுக்கு ஸ்ட்ரோக்கே வந்ததில்லை. 68 வயசுல முதல் தடவையா ஃபிட்ஸ். அது எப்படி?

தெரியாமல் வந்துபோன சின்னப் பக்கவாதமாக இருக்கலாம், ஸ்கேனில் தெரியலாம். மூளையில் கட்டி போன்ற வேறு காரணங்களையும் பார்க்க வேண்டும். அறுபது தாண்டி முதல்முறை வரும் வலிப்பை, இனி வரக்கூடிய பக்கவாதத்தின் முன்னறிவிப்பாகவும் எடுத்துக்கொண்டு பிரஷர், சர்க்கரை, கொழுப்பு, இதயத் துடிப்பு எல்லாவற்றையும் சோதிப்போம்.

அடுத்த தடவை வரும்போது என்ன எடுத்துட்டு வரணும்?

பழைய ஸ்கேன், டிஸ்சார்ஜ் சம்மரி, வீடியோ. சாப்பிடும் எல்லா மாத்திரையும் அட்டையோடு, நாட்டு மருந்து இருந்தால் அதுவும். பிறகு, வலிப்பு வந்த தேதி, மணி, எந்தப் பக்கம் தொடங்கியது, எத்தனை நிமிஷம் என்று ஒரு குறிப்பு.

நோட்டுத்தான் வேண்டும் என்றில்லை. ஓர் அம்மா மஞ்சப்பையிலிருந்து மூன்று நாள்காட்டித் தாள்களை எடுத்து மேசையில் வைத்தார். தினம் கிழிக்கும் தாள்தான். ராகு காலம், எமகண்டத்துக்குக் கீழே பென்சிலில் எழுதியிருந்தார்: “இடது கை முதல். காலை 5.40. விளக்கு ஏத்தும்போது. பால் பொங்கி வழியுற நேரம்.” நான் அதற்குள் மாத்திரை அளவை ஏற்றுவதற்குப் பேனாவை எடுத்துவிட்டேன். தாள்களைப் பார்த்தேன். மூன்றில் இரண்டு, மாதத்தின் கடைசி இரண்டு நாளில். கேட்டால், மாத்திரை இருபத்தெட்டாம் தேதி தீர்ந்துவிடுமாம், மகனுக்குச் சம்பளம் ஒன்றாம் தேதிதானாம். அளவை ஏற்றவில்லை. அரசு மருந்தகத்தில் எந்த நாள் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்று அதே தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன்.